மோரா என்று அழைக்கப்படுகிறவர்கள்: அமெரிக்க யூத சபைப் பள்ளிகள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

தல்மூதில் ஒரு மழைக் கதை வருகிறது. தல்மூத் என்பது யூத அறிஞர்களின் சட்டங்களும் வாதங்களும் கதைகளும் சேர்ந்த பெரிய தொகுப்பு. கதை இதுதான்: ஓர் ஊரில் மழை பொய்த்துவிட்டது. ராவ் என்ற பேரறிஞர் அங்கே வந்து, எல்லாரும் நோன்பு இருக்கச் சொல்கிறார். அப்போதும் மழை இல்லை. பிறகு உள்ளூர்க்காரர் ஒருவர் முன்னால் வந்து தொழுகை நடத்துகிறார். 'காற்றை வீசச் செய்பவரே' என்று சொன்னதும் காற்று வீசுகிறது. 'மழையைப் பொழியச் செய்பவரே' என்றதும் மழை கொட்டுகிறது. ராவுக்கு ஒரே வியப்பு. "அப்படி என்ன புண்ணியம் செய்தீர்கள்?" என்று கேட்கிறார்.

"நான் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவன். ஏழை வீட்டுப் பிள்ளை, பணக்கார வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பதில்லை. கொடுக்க முடியாதவர்களிடம் எதுவும் வாங்குவதில்லை. ஒரு மீன்குளம் வைத்திருக்கிறேன். படிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்கு அதிலிருந்து மீன் கொடுத்துச் சமாதானம் செய்து, எப்படியாவது படிக்க வரவைத்துவிடுவேன்" என்கிறார் அவர்.

பெரிய அறிஞரின் நோன்புக்கு வராத மழை, அரிச்சுவடி வாத்தியாரின் ஒரு சொல்லுக்கு வந்தது. ஆசிரியர் வேலையை யூத மரபு எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. அந்த மீன்குளக்காரரின் இன்றைய வாரிசுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வாரநாள் மாலையிலும் யூதப் பிள்ளைகளுக்குச் சமயப் பாடம் நடத்துகிறவர்கள் யார், அவர்களுக்கு என்ன வேலை, அந்த வேலை ஏன் இவ்வளவு கடினம் என்று பார்ப்போம்.

முதலில், எந்தப் பள்ளி?

அமெரிக்காவில் ஒரு யூதப் பிள்ளை சமயக் கல்வி பெற முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று முழுநேர யூதப் பள்ளி. அங்கே கணக்கு, அறிவியலோடு, யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவும் எபிரேய மொழியும் தினசரிப் பாடம். மரபைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் பெரும்பாலும் இதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இன்னொன்று, நாம் பேசப்போகிற சபைப் பள்ளி. பிள்ளை மற்றவர்களைப் போல அரசுப் பள்ளிக்குப் போகும். ஞாயிறு காலையிலும், சில இடங்களில் வாரநாள் மாலை ஒன்றிரண்டிலும், குடும்பம் உறுப்பினராக இருக்கும் சினகாகில், அதாவது யூதத் தொழுகைக்கூடத்தில், நடக்கும் வகுப்புக்கு வரும். மரபைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் ரிஃபார்ம், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கன்சர்வேடிவ் ஆகிய பிரிவுகளைச் சேர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இதுதான் வழி. பேச்சு வழக்கில் ஹீப்ரூ ஸ்கூல், சண்டே ஸ்கூல், ரிலிஜியஸ் ஸ்கூல் என்று மூன்று பெயரும் கேட்கும்.

'சபை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சினகாக் அரசாங்கத்துக்குச் சொந்தமானதல்ல. உத்தரவு போடும் தலைமைக் குருபீடமும் கிடையாது. குடும்பங்கள் ஆண்டுச் சந்தா கட்டி, நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்து, ரபியை, அதாவது சமயத் தலைவரை, வேலைக்கு அமர்த்துகின்றன. பள்ளியும் அப்படித்தான். ஆசிரியரின் சம்பளத்துக்கு வழி செய்வதும், கல்விக் குழுவில் உட்கார்ந்து பாடத்திட்டம் பற்றி வாதிடுவதும், வாசலில் காரை நிறுத்திப் பிள்ளையை இறக்கிவிடுவதும் ஒரே ஆட்கள். வகுப்பில் நடந்த ஒரு சின்ன மனத்தாங்கல்கூட அடுத்த வெள்ளிக்கிழமைத் தொழுகையில் நேருக்கு நேர் வந்து நிற்கும். இந்தப் பள்ளியின் நெருக்கமும் சங்கடமும் இங்கிருந்துதான் பிறக்கின்றன.

நேரக் கணக்கையும் போட்டுவிடலாம். வாரம் 2 மணி நேரம், ஆண்டுக்கு 30 வாரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 60 மணி நேரம். அரசுப் பள்ளியில் அந்தப் பிள்ளை இவ்வளவு நேரத்தை இரண்டே வாரத்தில் கடந்துவிடும். மூவாயிரம் ஆண்டு மரபு ஒன்றை இந்த 60 மணி நேரத்துக்குள் வைத்துக் கற்பிக்க வேண்டும்.

பெற்றோரின் கடமை ஆசிரியர் கைக்கு வந்த கதை

யூத மரபில் பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டியது முதலில் பெற்றோர். தினமும் சொல்லும் ஷெமா என்ற தொழுகைப் பகுதியிலேயே அது வருகிறது. 'இவற்றை உன் பிள்ளைகளுக்குக் கற்பி, வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் இவற்றைப் பற்றிப் பேசு' என்பது தோராவின் ஐந்தாம் நூலான உபாகமத்தின் கட்டளை. அப்படியானால் தகப்பன் இல்லாத பிள்ளை என்ன செய்யும்?

இந்தக் கேள்வியைத் தல்மூத் நேராக எடுத்துக்கொள்கிறது. ஆதியில் தகப்பன் உள்ளவன் படித்தான், இல்லாதவன் படிக்கவில்லை. அதனால் எருசலேமில் ஆசிரியர்களை அமர்த்தினார்கள். அங்கேயும் அழைத்துப்போகத் தகப்பன் இருந்தவன்தான் போய்ச் சேர்ந்தான். பிறகு வட்டாரம்தோறும் ஆசிரியர்களை வைத்து, 16, 17 வயதுப் பையன்களைச் சேர்த்தார்கள். அந்த வயதுப் பையனை ஆசிரியர் கோபித்துக்கொண்டால் அவன் எதிர்த்துப் பேசிவிட்டு எழுந்து போய்விட்டான். கடைசியில் முதலாம் நூற்றாண்டில் யெஹோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு, ஊர்தோறும் ஆசிரியர் வேண்டும், ஆறு ஏழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். 'அந்த மனிதர் இல்லாவிட்டால் தோரா மறந்தே போயிருக்கும்' என்று தல்மூத் அவரை நன்றியோடு நினைக்கிறது.

அதே பக்கத்தில் வகுப்பின் அளவும் பேசப்படுகிறது. ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள். 40 பேர் சேர்ந்துவிட்டால் ஊர்ச் செலவில் ஓர் உதவியாளர். 50 என்றால் இரண்டு ஆசிரியர்கள். இன்றைக்கும் கல்வித் துறையில் சூடாக விவாதிக்கும் விஷயத்தை அத்தனை காலத்துக்கு முன்பே எண் போட்டுப் பேசியிருக்கிறார்கள். உதவியாளரின் செலவு யாருடையது என்பதையும் விட்டுவைக்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

பிலடெல்பியாவில் ஒரு பெண்

அமெரிக்காவில் யூத ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி என்ற வடிவத்தைத் தொடங்கி வைத்தவர் ரெபெக்கா கிராட்ஸ். 1781இல் பிறந்தவர், திருமணம் செய்துகொள்ளாமல் பொதுப்பணியிலேயே வாழ்ந்தவர். 1838 மார்ச் மாதம், 57 வயதில், பிலடெல்பியாவில் ஹீப்ரூ சண்டே ஸ்கூலைத் தொடங்கினார். அது ஒரே சபைக்கென்று அமைந்ததல்ல, நகரத்து யூதப் பிள்ளைகள் எல்லாருக்குமானது. கட்டணம் கிடையாது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தார்கள். கிறித்தவ ஞாயிறு பள்ளிகள் ஊரெங்கும் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த அமைப்பைப் பார்த்து, நம் பிள்ளைகளுக்கும் இது வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பாடம் நடத்தியவர்கள் பெண்கள், சம்பளம் வாங்காத தொண்டர்கள். சமயக் கல்வியைப் பொதுவில் நடத்துவது அதுவரை ஆண்களின் வேலையாகவே இருந்தது. யூதப் பெண்கள் சமயம் கற்பிக்கும் ஆசிரியர்களாகப் பொதுவெளியில் நின்ற புதிய தொடக்கம் அது. இன்றும் சபைப் பள்ளிகளில் பெரும்பாலான ஆசிரியர்கள் பெண்களே.

அந்த ஆரம்ப நாட்களில் யூதப் பிள்ளைகளுக்கென்று ஆங்கிலப் பாடநூல் சரியாக இல்லை. கிறித்தவ ஞாயிறு பள்ளிச் சங்கம் வெளியிட்ட புத்தகத்தையே பயன்படுத்தினார்கள். யூதப் பிள்ளைகளுக்கு ஒவ்வாத விடைகள் மேல் காகிதத் துண்டுகளை ஒட்டி மறைத்தார்களாம். கிராட்ஸின் உறவுக்காரப் பெண் ஒருவர் பிற்காலத்தில் இதை எழுதியிருக்கிறார். கோடைக்கால நாட்களில் உட்கார்ந்து ஒட்டியதையும், அடியில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் எட்டிப் பார்க்கப் பாடுபட்டதையும் அவர் நினைவுகூர்கிறார். கையில் இருப்பதை வைத்து, இரவல் வாங்கி, ஒட்டு வேலை செய்து வகுப்பை நடத்தியவர்கள் அவர்கள். கிராட்ஸ் 1864 வரை அந்தப் பள்ளியின் பொறுப்பில் இருந்தார்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1895இல் பிலடெல்பியாவில் கிராட்ஸ் கல்லூரி உருவானது. ரெபெக்காவின் சகோதரர் ஹைமன் விட்டுச்சென்ற சொத்தில் எழுந்த ஆசிரியர் பயிற்சி நிறுவனம் அது. 1909இல் நியூயார்க்கின் ஜூயிஷ் தியலாஜிக்கல் செமினரியில் மோர்டெகாய் கப்லான் தலைமையில் ஆசிரியர் பயிற்சிப் பிரிவு தொடங்கியது. அடுத்த ஆண்டு, மருத்துவம் படித்துவிட்டு அந்தத் தொழிலையே துறந்த சாம்சன் பெண்டர்லி, அதே நகரில் யூதக் கல்விப் பணியகத்துக்குத் தலைமை ஏற்றார். எபிரேயத்தை எபிரேயத்திலேயே கற்பிக்க வேண்டும், யூதக் கல்வி ஒரு முழுத் தொழிலாக மாற வேண்டும் என்பது அவர் பிடிவாதம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் யூதக் குடும்பங்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்தபோது, நகரத்து யூதர்கள் எல்லாருக்கும் பொதுவான சமயப் பள்ளிகளை விட்டுவிட்டு அந்தந்தச் சினகாகின் சொந்தப் பள்ளியே வழக்கமானது. பிள்ளையின் படிப்புக்காகவே சபையில் சேர்ந்த குடும்பங்கள் ஏராளம்.

பள்ளிக்குள் யார் யார்

எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பவர் கல்வி இயக்குநர். ரபியாகவே இருக்கலாம், யூதக் கல்வியில் முதுகலை முடித்தவராக இருக்கலாம், நல்லாசிரியராக இருந்து மேலே வந்தவராகவும் இருக்கலாம். பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம், வரவு செலவு, கல்விக் குழுக் கூட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. இவை காகிதத்தில் உள்ள வேலைகள். ஞாயிறு காலை நிஜத்தில் நடப்பது வேறு. எட்டரை மணிக்கு ஓர் ஆசிரியர் காய்ச்சல் என்று செய்தி அனுப்புவார், அந்த வகுப்பை யாரிடம் ஒப்படைப்பது? எந்தப் பிள்ளைக்கு நிலக்கடலை ஆகாது? தாயும் தகப்பனும் பிரிந்து வாழும் வீட்டில் இந்த வாரம் யார் வந்து கூட்டிப்போவார்கள்? ஆட்டிசம் உள்ள பையனுக்குக் கூட்டுத் தொழுகையின் சத்தம் தாங்கவில்லை என்றால் அவனுக்கு எந்த அறை? இவ்வளவையும் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி வரவேற்பவர் அவர்.

ரபி பெரும்பாலும் மூத்த வகுப்புகளுக்கு வருவார். கடவுள் உண்டா என்று நேரடியாகக் கேட்கும் வயது அது. கேன்டர் தொழுகைப் பாடல்களை நடத்துபவர், எபிரேயத்தில் ஹசான் என்பார்கள். சில பள்ளிகளில் கிட்டாரோடு பாட்டு ஆசிரியரும் உண்டு. இந்தக் கிட்டார் கோடைக்கால யூத முகாம்களிலிருந்து வகுப்பறைக்கு வந்தது. பாடகர் டெபி ஃப்ரீட்மன் போன்றவர்களின் மெட்டுகள் வழியாக ஒரு தலைமுறையே தொழுகையைக் கற்றது.

இனி வகுப்பு ஆசிரியர்கள். பெண் ஆசிரியர் 'மோரா', ஆண் ஆசிரியர் 'மோரே'. மோரா ரேச்சல், மோரே டேவிட் என்று முதல் பெயரோடு சேர்த்துத்தான் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். தோரா என்ற சொல்லும் மோரா என்ற சொல்லும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து வருபவை. வழிகாட்டுதல், கற்பித்தல் என்பது அந்த வேரின் பொருள்.

இவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? வாரம் ஐந்து நாளும் அரசுப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு ஆறாவது நாளாக இங்கே வருபவர் ஒருவர். பல்கலைக்கழக மாணவி ஒருத்தி. இஸ்ரேலிலிருந்து குடியேறிய ஒருவர், எபிரேயம் தாய்மொழி என்பதால் அழைக்கப்பட்டவர். தன் பிள்ளை அதே பள்ளியில் படிக்கும் ஒரு வழக்கறிஞர். ஓய்வு பெற்ற பாட்டி ஒருவர். ஏறக்குறைய எல்லாருமே பகுதிநேரம். வாரம் இரண்டு மணி நேரச் சம்பளத்தில் யாரும் குடும்பம் நடத்த முடியாது. அவர்களை வரவைப்பது வேறொன்று.

அலுவலகச் செயலர், வாசல் காவலர் ஆகியோரையும் விட்டுவிடக் கூடாது. 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் நகர ட்ரீ ஆஃப் லைஃப் சினகாகில் தொழுகைக்கு வந்த 11 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு நாடெங்கும் சினகாக்குகளில் காவல் கூடியது. ஆபத்து வந்தால் கதவை எப்படிப் பூட்டுவது, பிள்ளைகளை எங்கே உட்காரவைப்பது என்பதை அரிச்சுவடி நடத்தும் மோராவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை எழுதும்போதே மனம் கனக்கிறது.

என்ன கற்பிக்கிறார்கள்

பண்டிகைகள், தோராக் கதைகள், அறநெறி, இஸ்ரேல், வயது வந்த பிறகு நாஜிப் படுகொலையின் வரலாறு. கூடாரப் பண்டிகைக்குக் கூடாரம் கட்டுவார்கள், பஸ்கா பண்டிகைக்கு முன் மாதிரி விருந்து வைப்பார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு உண்டியல் இருக்கும், வாராவாரம் பிள்ளைகள் கொண்டுவரும் காசு அதில் விழும். செதாகா என்பார்கள். தானம் என்று நாம் சொல்லிவிடுவோம், ஆனால் சொல்லின் வேர் நீதியைக் குறிக்கிறது.

கடினமானது எபிரேயம். 22 எழுத்துகள், வலமிருந்து இடம். தோராச் சுருளில் உயிர்க்குறிகளே கிடையாது, வெறும் மெய்கள். தமிழில் கல், கால், கோல் மூன்றையும் 'க்ல்' என்று ஒரே மாதிரி எழுதியிருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். பிள்ளைகள் முதலில் உயிர்க்குறி போட்ட புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் பழகுவார்கள். பிறகு குறி இல்லாமல் படிக்க வேண்டும்.

இதெல்லாம் போய்ச் சேரும் இடம் பார் மிட்ஸ்வா, பெண்களுக்குப் பாட் மிட்ஸ்வா. 13 வயதில் (பெண்களுக்குச் சில சபைகளில் 12) பிள்ளை சபையின் முன் நின்று தோரா வாசிக்கும் நாள் அது. ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே இருந்த அந்த நாள் 1922 மார்ச்சில் நியூயார்க்கில் ஜூடித் என்ற 12 வயதுச் சிறுமிக்கும் வாய்த்தது. மேலே சொன்ன ஆசிரியர் பயிற்சித் தலைவர் கப்லானின் மகள் அவள். அமெரிக்காவின் முதல் பாட் மிட்ஸ்வா என்று வரலாறு அதைக் குறிக்கிறது.

தோரா ஆண்டு முழுக்க வாசிக்கும்படி 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைக்குக் குறித்த வாரத்தில் எந்தப் பகுதி வருகிறதோ அதை வாசிக்க வேண்டும். வாசிப்பதற்கு ராகம் உண்டு. அந்த ராகக் குறிகளும் சுருளில் இருக்காது, மனப்பாடம்தான். இதற்கென்றே தனியாக ஒரு பயிற்றுநர் மாதக்கணக்கில் ஒரு பிள்ளையோடு உட்காருவார். தொட்டி நீரில் கால் நனைப்பதுபோலத் தொடங்கும், ஒரு வாரம் அரை வசனம், அடுத்த வாரம் இன்னொரு அரை. குரல் உடைகிற வயதுப் பையன் பாட வெட்கப்படுவான். 'கூச்சப்படுகிறவன் கற்க முடியாது, பொறுமை இல்லாதவன் கற்பிக்க முடியாது' என்று பழங்கால யூத அறிஞர் ஹில்லெல் சொன்னது இந்த இருவருக்காகவே சொன்னதுபோல இருக்கும்.

பொருள் புரியாமல் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்பிப்பதில் என்ன பயன் என்ற குறை பல காலமாக உண்டு. நியாயமான குறைதான். ஆனால் 60 மணி நேரத்தில் ஒரு மொழியைப் பேசக் கற்பிக்க முடியாது. தொழுகையை வாய்விட்டுச் சொல்லப் பழகிய பிள்ளை நாளைக்கு எந்த ஊர்ச் சினகாகில் போய் நின்றாலும் கூடச் சேர்ந்து சொல்லும். அதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. தல்மூத் காலத்திலேயே உதவியாளருக்கு ஊர்ச் செலவில் சம்பளம் கேட்ட மரபு இது. இன்றைக்கு எந்தப் பயிற்சியும் இல்லாமல், போன வாரம் ஒப்புக்கொண்டவரை இந்த வாரம் 15 பிள்ளைகளோடு ஓர் அறையில் விடுவது பல இடங்களில் சகஜம். எபிரேயம் சரளமாகப் பேசுகிறவருக்குக் களைத்த எட்டு வயதுப் பிள்ளையைச் சமாளிக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. பிள்ளைகளை நன்றாகச் சமாளிக்கத் தெரிந்தவருக்கு எபிரேயம் தடுமாறலாம். ஒருவரை வகுப்பில் நிறுத்துவதற்கு முன் ஒரு மாதமாவது அனுபவசாலி ஒருவரின் வகுப்பில் உட்காரவைத்தால், சம்பளத்தோடு உட்காரவைத்தால், பாதிச் சிரமம் குறையும். நல்ல இயக்குநர்கள் இதற்காகக் கல்விக் குழுவோடு மல்லுக்கட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

வருகையும் பெரும் தலைவலி. ஞாயிறு காலையில்தான் கால்பந்து ஆட்டமும் இருக்கும். வாரநாள் வகுப்புக்கு வரும் பிள்ளை ஏற்கெனவே ஆறு மணி நேரம் பள்ளியில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கும். பார் மிட்ஸ்வா முடிந்ததும் பல பிள்ளைகள் நின்றுவிடுவார்கள்.

நிற்காமல் திரும்பி வருகிற சிலரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். அவர்களுக்கு 'மத்ரீக்' என்று பெயர், பெண் என்றால் 'மத்ரிகா'. எபிரேயத்தில் 'தெரெக்' என்றால் வழி, மத்ரீக் என்றால் வழிகாட்டி. 14, 15 வயதில் உதவி ஆசிரியராக அதே பள்ளிக்கு வருகிறார்கள். வண்ணக் காகிதம் வெட்டுவார்கள், தின்பண்டம் கொடுப்பார்கள், அழுகிற பிள்ளையை முகம் கழுவக் கூட்டிப்போவார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் பிள்ளை முதன்முதலில் பாடத்துக்கு வரும் நாளில் எழுத்துப் பலகையில் தேன் தடவி நக்கக் கொடுப்பார்கள். சில பள்ளிகளில் இன்றும் முதல் வகுப்பில் அதைச் செய்கிறார்கள்.

மோரா முன்னால் நின்று 22 எழுத்துகளையும் சொல்லிக்கொண்டிருப்பார். கடைசி மேசையில் ஒரு பையன் வாயைத் திறக்க மாட்டான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மேடையில் குரல் நடுங்க வாசித்த மத்ரிகா ஒருத்தி அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் விரலைப் பிடித்து முதல் எழுத்தான அலெஃபின் மேல் மெதுவாக நகர்த்துவாள். அவன் விரலில் இன்னும் தேன் ஒட்டியிருக்கும்.